முதலில் நிறுத்தப் பழகுங்கள்: வடசென்னையில் கியர் பைக் ஓட்டக் கற்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

புதிதாக பைக் ஓட்ட வருபவர்களைப் பெரும்பாலும் தடுமாற வைப்பது கற்கும் வரிசைதான். வண்டியை நகர்த்தத் தெரிந்த அன்றே மூன்றாம் கியர் வரை போய்விடுகிறார்கள். அந்த வாரமே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறார்கள். அவசரமாக நிறுத்துவது எப்படி என்பதை முதன்முறையாக அங்கே, திடீரென்று ஓரங்கட்டும் ஷேர் ஆட்டோவுக்குப் பின்னால் கற்றுக்கொள்ள நேர்கிறது. அது கற்றுக்கொள்ள வேண்டிய இடம் அல்ல.

உறவுக்காரப் பிள்ளைகள், தெருவில் இருப்பவர்கள், வேலைக்குப் போகத் தொடங்கிய தங்கைகள் என்று பலருக்குப் பழக்கிவிட்டதில் எனக்கு உறுதியாகத் தெரிந்த வரிசையைக் கீழே எழுதியிருக்கிறேன். ஒரு படி கைக்கு வராமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். ஒருவருக்கு இரண்டு காலைப்பொழுது போதும், இன்னொருவருக்கு இரண்டு வாரம் ஆகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

1. வண்டியில் உட்காரும் முன்

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) இல்லாமல் சாலையில் இறங்க வேண்டாம். அரசின் சாரதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆறு மாதம் செல்லும்; எடுத்து 30 நாள் கழிந்த பிறகே நிரந்தர உரிமத்துக்கான தேர்வுக்குப் போக முடியும். கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும் உரிமம் வைத்திருப்பவர்கள் அதை வைத்துக்கொண்டு கியர் வண்டி ஓட்டக் கூடாது. கியர் வண்டிப் பிரிவுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமலேயே பலர் ஓட்டுகிறார்கள். விபத்து நடந்து இன்சூரன்ஸ் கேட்டுப் போகும்போதுதான் சிக்கல் தெரியவரும்.

வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்தை முன்னும் பின்னும் ஒட்டுங்கள். சட்டம் சொல்வது ஒருபுறம்; அந்த எழுத்தைப் பார்த்தால் பின்னால் வருபவர் கொஞ்சம் இடம் விடுகிறார் என்பது நடைமுறையில் கிடைக்கும் பயன்.

ஹெல்மெட் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். கன்னத்தை லேசாக அழுத்த வேண்டும். தலையை ஆட்டினால் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆட வேண்டும், தனியாகச் சுழலக் கூடாது. தாடைப் பட்டையைப் போடாத ஹெல்மெட் விழும்போது தலையைவிட்டு முதலில் கழன்று போய்விடும். அபராதம் 1,000 ரூபாய் என்பதற்காக மட்டும் மாட்டுபவர்கள் பட்டையை மறந்துவிடுகிறார்கள்.

செருப்புப் போட்டுக்கொண்டு பழக வராதீர்கள். கணுக்காலை மூடும் ஷூ வேண்டும். கியர் லீவரில் செருப்பு மாட்டிக்கொள்ளும். கால் ஊன்றும்போது வழுக்கும். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் இறுக்கிச் செருகிக்கொள்ளுங்கள். அது செயினிலோ சக்கரத்திலோ சுற்றிக்கொண்டால் தப்பிக்க நேரம் இருக்காது.

பழகும் வண்டி 100 முதல் 125 சி.சி. வரை போதும். உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமாவது தரையில் நன்றாக ஊன்ற வேண்டும். அண்ணனின் கனமான வண்டியில் பழகினால் வண்டி சாய்ந்துவிடுமோ என்ற பயத்திலேயே பாதிக் கவனம் போய்விடும்.

2. எஞ்சினை அணைத்துவிட்டுப் பழக வேண்டியவை

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதவர்களை நான் பார்த்ததே அரிது. ஆனால் புதியவர்கள் கீழே விழுவதில் கணிசமான பங்கு வண்டி நின்றுகொண்டிருக்கும்போதும், தள்ளும்போதும், திருப்பும்போதும்தான்.

வண்டியின் இடப்பக்கம் நின்றுகொண்டு இரண்டு கைகளாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, இடுப்பை வண்டியோடு ஒட்டி வைத்துத் தள்ளுங்கள். நான்கு விரலையும் ஆக்சிலரேட்டரில் சுற்றாமல் இரண்டு விரலை முன் பிரேக் லீவரின் மேல் வையுங்கள். வட்டமாகத் தள்ளுங்கள், நிறுத்துங்கள், பின்னுக்குத் தள்ளுங்கள். வண்டியின் எடை எந்தச் சாய்வில் கையை மீறுகிறது என்பது உடம்புக்குத் தெரிய வேண்டும்.

தள்ளிக்கொண்டே முன் பிரேக்கை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஹேண்டில்பார் நேராக இருக்கும்போது வண்டி அமைதியாக நிற்கும். திருப்பி வைத்துக்கொண்டு அழுத்தினால் திரும்பிய பக்கமே சாயும். நடக்கும் வேகத்தில் இதைக் கையால் உணர்ந்தவர் ஓட்டும்போது திரும்பிய ஹேண்டிலில் முன் பிரேக்கைப் பிடிக்க மாட்டார்.

பிறகு ஸ்டாண்டு. சைட் ஸ்டாண்டை எடுக்காமல் கிளம்பினால் இடது வளைவில் அது தரையைத் தட்டி வண்டியைத் தூக்கி எறியும். புதிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டு இறங்கியிருந்தால் எஞ்சின் அணைந்துவிடும். பழைய வண்டிகளில் அப்படிக் கிடையாது. உட்காருவது, ஸ்டாண்டை எடுப்பது, கண்ணாடியைச் சரிசெய்வது, சாவியைத் திருப்புவது என்று ஒரே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். வரிசை மாறாமல் இருந்தால் மறதி வராது.

3. கிளட்ச்: அவசரப்படக் கூடாத இடம்

பழக வருபவரின் இடது கையைப் பக்கத்திலிருந்து பாருங்கள். எஞ்சினின் இழுவையைச் சக்கரத்தோடு சேர்த்தும் பிரித்தும் விடுகிற கிளட்ச் லீவரை முழுதாக அழுத்திப் பிடித்திருப்பார். விரல் மூட்டுகள் வெளுத்திருக்கும். "மெதுவாக விடு தம்பி" என்று சொல்லி முடிப்பதற்குள் நான்கு விரலும் ஒன்றாகத் திறந்துவிடும். வண்டி முன்னால் எகிறும், உடம்பு பின்னால் போகும், பின்னால் போகிற உடம்பு ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்கும். வலது மணிக்கட்டு கீழே இறங்கும். அது இறங்கினால் ஆக்சிலரேட்டர் இன்னும் முறுக்கிக்கொள்ளும். எதிர்ச்சுவரில் கொண்டுபோய் இடிப்பவர்கள் எல்லோரும் இந்தச் சங்கிலியில்தான் மாட்டுகிறார்கள். வேண்டுமென்றே முறுக்கியவர் யாருமில்லை.

இதைத் தடுக்க இரண்டு காரியம் செய்ய வேண்டும். முதலாவது, வலது மணிக்கட்டைத் தூக்கி வைக்காதீர்கள். முன்கையும் புறங்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்கட்டும். தூக்கிய மணிக்கட்டு குலுங்கினால் கீழே விழும். நேராக இருக்கும் மணிக்கட்டு அவ்வளவு எளிதில் இறங்காது.

இரண்டாவது, கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்பதை ஆக்சிலரேட்டரைத் தொடாமலே கண்டுபிடியுங்கள். சமதரையில் எஞ்சினை ஓடவிட்டு, முதல் கியர் போட்டு, இரண்டு காலும் தரையில் இருக்க, லீவரை நூல் நூலாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சினின் ஓசை தாழும், வண்டி லேசாக முன்னால் உந்தும். அதுதான் இடம். அங்கேயே நிறுத்தித் திரும்ப அழுத்துங்கள். கை தானாக அந்த இடத்தில் நிற்கும் வரை செய்யுங்கள். வண்டிக்கு வண்டி இந்த இடம் மாறும் என்பதால், வேறு வண்டி எடுக்கும்போதெல்லாம் கிளம்பும் முன் இதை ஒருமுறை செய்துபார்ப்பது நல்லது.

அடுத்தது, அதே இடத்தில் கிளட்சைப் பிடித்தபடி, ஆக்சிலரேட்டர் இல்லாமல், கால்களைத் தரையில் தட்டிக்கொண்டே நடக்கும் வேகத்தில் போவது. பிறகு கால்களை மேலே வைத்துப் போவது. ஆக்சிலரேட்டரைக் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மேட்டில் கிளம்புவதற்கு வலது கால் வேண்டும். பின் பிரேக்கை வலது காலால் அழுத்தி, இடது காலை ஊன்றி, கிளட்ச் பிடிக்கும் இடம் வரை விட்டு, வண்டி முன்னால் உந்தும்போது பிரேக்கை விடுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் மூலக்கடை மேம்பாலத்தின் ஏற்றத்தில் நெரிசலில் மாட்டினால், பின்னால் நிற்கும் காரின் மேல் வண்டி உருளும்.

எது கைமீறினாலும் செய்ய வேண்டியது ஒன்றே: கிளட்சை முழுதாக அழுத்திவிடுங்கள். சக்கரத்துக்குப் போகும் இழுவை அறுந்துவிடும். எஞ்சின் கத்தினால் கத்தட்டும். பழகும் நாட்களில் பக்கத்தில் நிற்பவர் "கிளட்ச்!" என்று குரல் கொடுத்ததும் அழுத்துவதைத் தனியாகப் பழகிவையுங்கள்.

4. நிறுத்துவது

கியர் மாற்றக் கற்கும் முன் இதைக் கற்க வேண்டும். முதல் கியரில் போய் நிற்கத் தெரியாதவருக்கு இரண்டாம் கியர் எதற்கு?

"முன் பிரேக்கைத் தொடாதே, குப்புற விழுவாய்" என்ற அறிவுரை நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாக வருகிறது. இதைப் போலத் தீங்கு செய்த அறிவுரை வேறொன்று இருக்க முடியாது என்று நினைக்கிறேன். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்சக்கரத்துக்குப் போகிறது. முன் டயர் சாலையில் அழுந்திப் பிடிக்கிறது, பின் டயர் இலேசாகிறது. உலர்ந்த சாலையில் அழுத்தி நிறுத்தும்போது நிறுத்தும் சக்தியில் சுமார் 70 சதவீதம் அல்லது அதற்கு மேலும் முன் பிரேக்கிலிருந்துதான் கிடைக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதிப்பவர் கையிலிருக்கும் பெரும்பகுதியைப் பயன்படுத்தாமலே மோதுகிறார்.

முன் பிரேக்கால் விழுபவர்கள், அதை வெடுக்கென்று பிடித்தவர்கள், அல்லது ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டோ மணலின் மேலோ பிடித்தவர்கள். லீவரை முதலில் லேசாகத் தொட்டு எடை முன்னால் வரும் வரை ஒரு கணம் விட்டு, பிறகு இறுக்க வேண்டும். இரண்டு பிரேக்கையும் சேர்த்தே பழகுங்கள்.

பழகும் முறை இது. மைதானத்திலோ ஆளில்லாத தெருவிலோ சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டில் முன்சக்கரம் நிற்கும்படி நிறுத்துங்கள். பார்வை தூரத்தில் இருக்கட்டும். கோட்டையே குனிந்து பார்த்தால் தோள் சாய்ந்து வண்டியும் சாயும். சரளமாக வந்ததும் கோட்டைத் தாண்டும்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கி, எத்தனை அடியில் நிற்கிறீர்கள் என்று அளந்து பாருங்கள். இரண்டாம் கியர் கற்ற பிறகு 25, 30 என்று கூட்டி இதே பயிற்சிக்குத் திரும்புங்கள்.

நிற்கும்போது இடது கால் மட்டும் தரைக்கு வர வேண்டும். வலது கால் பின் பிரேக்கில் இருக்க வேண்டும். வண்டி நிற்பதற்கு இரண்டு மூன்று அடி முன்பே இரண்டு காலையும் கீழே தொங்கவிடுவது புதியவர்களிடம் நான் பார்க்கும் பொதுவான பழக்கம். அதனால் பின் பிரேக் கைவிட்டுப் போகிறது. கால் பள்ளத்தில் மாட்டினால் கணுக்காலும் போகிறது.

பின்சக்கரம் பூட்டிக்கொண்டு இழுத்தால் பதறாமல் நேராகப் பார்த்தபடி மிதியைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முன்சக்கரம் வழுக்கினால் லீவரை உடனே விட்டு மறுபடி மெல்லப் பிடியுங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு விற்பனைக்கு வந்த வண்டிகளில் 125 சி.சி.க்கு மேற்பட்டவற்றில் ஏ.பி.எஸ். (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) இருக்கும், லீவர் விரலுக்குள் துடித்தால் விட்டுவிடாமல் அழுத்தியபடியே இருங்கள், அது தன் வேலையைச் செய்கிறது. சிறிய வண்டிகளில் இருக்கும் சி.பி.எஸ்., பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கையும் கொஞ்சம் பிடிக்கும். அதை நம்பி முன் லீவரை மறந்துவிடக் கூடாது. மேலும் பல வண்டிகளில் ஏ.பி.எஸ். முன்சக்கரத்துக்கு மட்டும்தான்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு. 40 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர் போகிறீர்கள். 60-ல் ஏறக்குறைய 17 மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்குக்குப் போகவே ஒரு நொடி ஆகிறது. அதற்குமேல் வண்டி நிற்க எடுக்கும் தூரம், வேகம் இரட்டித்தால் நான்கு மடங்காகிறது. நல்ல சாலையில், நன்றாகப் பிரேக் பிடித்தாலும் 40-ல் மொத்தம் சுமார் 21 மீட்டரும் 60-ல் சுமார் 40 மீட்டரும் ஆகும். நாற்பதடி கண்டெய்னர் ஒன்று 12 மீட்டர் நீளம். 40-ல் போனால் இரண்டு கண்டெய்னர் நீளத்துக்குள் நிற்கலாம். 60-ல் போனால் மூன்றையும் தாண்டித்தான் நிற்பீர்கள்.

5. கியர்

முதலில் உங்கள் வண்டியின் கியர் முறை எது என்று பாருங்கள். சில வண்டிகளில் கியர் லீவரின் முன்புறத்தை இடது காலால் அழுத்தினால் எல்லா கியரும் ஏறும். சிலவற்றில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே. ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறும்போது, கியரை ஏற்றுவதாக நினைத்து இறக்கிவிடுகிறார். ஓடும் வேகத்தில் கீழ் கியர் விழுந்தால் பின்சக்கரம் இழுத்துக்கொள்ளும்.

ஆக்சிலரேட்டரை விடுவது, கிளட்ச் அழுத்துவது, கியர், கிளட்ச் விடுவது, ஆக்சிலரேட்டர். இதுதான் வரிசை. எப்போது மாற்றுவது என்பதற்கு ஸ்பீடோமீட்டரைப் பார்க்க வேண்டாம், எஞ்சினின் ஓசையைக் கேளுங்கள். திணறி அதிர்ந்தால் கியரைக் குறையுங்கள், இரைந்தால் ஏற்றுங்கள். காலைப் பார்க்கக் குனிய வேண்டாம்.

எதையாவது கண்டதும் கிளட்சை அழுத்தி வண்டியை உருளவிடும் பழக்கம் வேண்டாம். எஞ்சின் தரும் பிடிப்பு போய்விடும். வண்டி வேகம் குறையாமல் ஓடும். முதலில் பிரேக், எஞ்சின் திணறும் கட்டத்தில் கிளட்ச். திடீர் நிறுத்தத்தில் மட்டும் எல்லாவற்றையும் சேர்த்தே பிடிக்கலாம்.

6. மெதுவாகத் திரும்புவதும் எட்டுப் போடுவதும்

வேகமாக ஓட்டுவதைவிட மெதுவாக ஓட்டுவது கடினம். ஆர்.டி.ஓ. தேர்வில் எட்டுப் போடச் சொல்வதும் அதனால்தான். இரண்டாவது கியரில் வேகமாகச் சுற்றிவிட நினைப்பவர்கள் கால் ஊன்றுகிறார்கள்.

முதல் கியரில், கிளட்ச் பிடிக்கும் இடத்திலேயே கையை வைத்து, ஆக்சிலரேட்டரைச் சிறிதளவு ஒரே நிலையில் வைத்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் குறையுங்கள். முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். காரணம் மேலே சொல்லியிருக்கிறேன்.

தலையைத் திருப்புங்கள். கண்ணை மட்டும் திருப்பினால் போதாது, மோவாய் தோளுக்கு மேல் வர வேண்டும். முன்சக்கரத்துக்கு முன்னால் உள்ள தரையைப் பார்ப்பவரின் வட்டம் கோணலாகிறது. வட்டத்தின் எதிர்முனையைப் பார்ப்பவரின் வண்டி தானாக அங்கே வருகிறது. நம்பிக்கை இல்லாமல் இதைச் செய்துபார்த்தவர்களே அடுத்த சுற்றில் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன்.

வேகம் 20 கி.மீ.யைத் தாண்டினால் திரும்பும் விதம் மாறும். இடப்பக்கம் போக இடது ஹேண்டிலை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். நேரான, காலியான சாலையில் 30 வேகத்தில் உள்ளங்கையால் சிறிது அழுத்திப் பாருங்கள். திடீரென்று எதிரில் வரும் நாயையோ பள்ளத்தையோ விலக இதுதான் கைகொடுக்கும்.

7. எந்தச் சாலை, எந்த வரிசையில்

முதல் சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்புங்கள். எம்.கே.பி. நகர், மாத்தூர் எம்.எம்.டி.ஏ., மணலி புதுநகர் போன்ற, கட்டம் கட்டமாகத் தெரு பிரித்த குடியிருப்புகள் நல்லவை. ஒரு கட்டத்தை இடப்பக்கமாகவே சுற்றி வாருங்கள். நம் நாட்டில் இடது திருப்பத்துக்கு எதிரே வரும் வண்டியைக் குறுக்கே கடக்க வேண்டியதில்லை. கண்ணாடி, இண்டிகேட்டர், தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு திருப்பம் என்ற வரிசை பதிந்த பிறகே வலது திருப்பம்.

தெருமுனைகளில் வேகத்தைக் குறைப்பது போதாது. விரல்கள் பிரேக்கின் மேல் இருக்க வேண்டும். வடசென்னைத் தெருக்களில் வீட்டுப் படி இறங்கினாலே சாலை. குழந்தை, கோழி, தண்ணீர்க் குடம் எதுவும் எந்த நேரமும் வெளியே வரும்.

அடுத்தது பேருந்து போகும் சாலைகள், நெரிசல் இல்லாத நேரத்தில். நிறுத்தத்தில் நிற்கும் பேருந்தின் இடப்பக்கம் நுழையாதீர்கள். இறங்குபவர் உங்களைப் பார்க்க மாட்டார். ஷேர் ஆட்டோவின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். கையசைக்கும் பயணி எங்கே நிற்கிறாரோ அங்கே அது நிற்கும். எனவே ஷேர் ஆட்டோவைப் பார்க்காமல், அதற்கு முன்னால் சாலையோரத்தில் நிற்கும் ஆளைப் பாருங்கள். அதுதான் முன்கூட்டியே கிடைக்கும் தகவல்.

பிறகு திருவொற்றியூர் நெடுஞ்சாலை. டோல்கேட்டிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ தூண்கள் சாலையின் நடுவே வருகின்றன. தூணுக்குப் பின்னால் நிற்பவர் உங்களுக்குத் தெரிய மாட்டார், நீங்களும் அவருக்குத் தெரிய மாட்டீர்கள். சாலை இடைவெளிகளில் யூ-டர்ன் எடுக்கும் வண்டிகளின் முன்சக்கரத்தைக் கவனியுங்கள். இண்டிகேட்டர் பொய் சொல்லும், ஓட்டுபவரின் முகமும் பொய் சொல்லும். சக்கரம் திரும்பத் தொடங்கினால் வண்டி வரப்போகிறது என்று பொருள்.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு போன்ற கடைவீதி நெரிசலுக்கு ஆறாம் படியில் சொன்ன மெதுவான ஓட்டம் கைக்கு வந்திருக்க வேண்டும். பண்டிகைக் காலத்தில் அங்கே பழகப் போகாதீர்கள், நடப்பவர்களுக்கும் தொல்லை.

எண்ணூர் விரைவுச் சாலையும் மணலிப் பக்கச் சாலைகளும் கடைசியில்தான். தூரம் குறைவு, சாலை அகலம் என்று சிலர் அங்கேதான் முதலில் வேகம் பழகுகிறார்கள். வேண்டாம்.

8. கண்டெய்னர் லாரிகளோடு சாலையைப் பகிர்வது

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் போகிற, வருகிற டிரெய்லர்கள் இல்லாத வடசென்னை ஓட்டம் கிடையாது. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஒரு சிறு குறிப்பு. நமக்கு இது உயிர் போகிற விஷயம்.

முதலில் திருப்பத்தைப் புரிந்துகொள்ளுங்கள். டிரெய்லர் இடப்பக்கம் திரும்பும்போது ஓட்டுநர் முதலில் வலப்பக்கம் ஒதுக்குவார். இடப்பக்கம் ஒரு பெரிய இடைவெளி திறக்கும். அதைப் பார்த்து "வழி விடுகிறார்" என்று நுழைபவர்கள் உண்டு. முன்பகுதி திரும்பிய பிறகு, பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வருவதில்லை. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு நடைபாதை ஓரத்தை உரசியபடி வரும். சற்றுமுன் இருந்த இடைவெளி சில நொடிகளில் மூடிவிடும். நீங்கள் அதற்குள் இருந்தால் ஒருபுறம் சக்கரம், மறுபுறம் நடைபாதைக் கல். பின்சக்கரத்தின் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரியவே தெரியாது. சந்திப்பில் டிரெய்லர் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதன் பின்னால் நில்லுங்கள்.

சிக்னலில் லாரியின் முகத்துக்கு நேர் முன்னால் ஒட்டி நிற்பதும் ஆபத்து. உயரமான கேபினிலிருந்து பார்த்தால் முன்னால் சில அடி தூரம் தெரியாது. லாரிக்குப் பின்னாலோ பக்கத்திலோ இருக்கும்போது, அதன் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் நீங்களும் அவருக்குத் தெரியவில்லை.

நகரும் இரண்டு டிரெய்லர்களுக்கு நடுவே போகாதீர்கள். எவ்வளவு அவசரமானாலும் இதற்கு விலக்கு இல்லை. முந்த வேண்டுமானால் வலப்பக்கமாக, முன்னால் முழு இடம் காலியாக இருப்பதைப் பார்த்த பிறகு, பக்கத்தில் தங்காமல் கடந்துவிடுங்கள்.

கடலோரச் சாலையில் இன்னொன்று உண்டு. லாரியின் மறைவில் போகும்போது கடல் காற்று தடுக்கப்படும். அதைத் தாண்டி வெளியே வந்ததும் காற்று பக்கவாட்டில் அறையும். கையை விறைப்பாக வைத்திருந்தால் அந்த உதைப்பு நேராக ஹேண்டிலுக்குப் போகும். முழங்கைகளைத் தளர்த்தி, முழங்கால்களால் டேங்கைப் பற்றிக்கொள்ளுங்கள்.

இரவில் சாலையோரம் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள் பயங்கரமானவை. சாம்பல் படிந்த பின்பக்கம் இருட்டோடு கலந்துவிடும். உங்கள் ஹெட்லைட் வெளிச்சம் விழும் தூரத்துக்குள் நிற்க முடியாத வேகத்தில் போகக் கூடாது. இடது ஓரத்தை ஒட்டிப் போவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கும் புதியவர்கள் இந்த லாரிகளின் மேல்தான் போய்ச் சேர்கிறார்கள்.

9. மழை, மணல், மீன் தண்ணீர், தண்டவாளம்

மழை தொடங்கிய முதல் சில நிமிடங்கள்தான் அதிகம் வழுக்கும்; சாலையில் படிந்த எண்ணெயும் தூசியும் அப்போதுதான் கரைந்து மேலே வருகின்றன. முடிந்தால் ஒதுங்கி நின்று பிறகு கிளம்புங்கள். முன்வண்டியோடு இரண்டு நொடி இடைவெளி விடுபவர்கள் மழையில் நான்கு நொடி விட வேண்டும். சாலையோரக் கம்பத்தை முன்வண்டி கடந்ததும் எண்ணத் தொடங்கினால் இது எளிது.

தேங்கிய நீரின் ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் சுற்றிப் போவதே சரி. நீருக்குள் திறந்து கிடக்கும் மூடியும் தெரியாது, பள்ளமும் தெரியாது. நீரைக் கடந்து வந்தால் மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கைச் சில முறை லேசாகப் பிடித்துக் காயவிடுங்கள்.

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் மழையே இல்லாத நாளிலும் ஈரம் இருக்கும். மீன் ஏற்றிய வண்டிகளிலிருந்து பனிக்கட்டி கரைந்த நீர் ஒழுகிக்கொண்டே போகும். வளைவில் அது சோப்புத் தண்ணீர் போல வழுக்கும். வளைவுக்கு முன்பே, வண்டி நிமிர்ந்திருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிட்டு, ஈரத்தின் மேல் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் தொடாமல் கடந்து போங்கள். கடலோரச் சாலையில் ஓரத்தில் சேரும் மணலுக்கும், சாலைப் பணிக்காகப் போட்ட இரும்புத் தகடுகளுக்கும் இதே முறைதான்.

தண்டவாளத்தைச் சாய்வாகக் கடக்காதீர்கள். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போன்ற இடங்களில் கேட் திறந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் முண்டியடிப்பார்கள். இடம் தேடிக் கோணலாகப் போனால் சக்கரம் தண்டவாளத்தின் பள்ளத்தில் மாட்டும். சில நொடிகள் பொறுத்து, ஏறக்குறைய நேர்க்குறுக்காக, ஒரே சீரான வேகத்தில் கடக்கவும்.

10. பின்னால் ஆளை ஏற்றுவது

எல்.எல்.ஆர். காலத்தில், உரிமம் பெற்ற, கற்றுக்கொடுப்பவரைத் தவிர யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது. உரிமம் வந்த மறுநாளே அம்மாவைச் சந்தைக்கு அழைத்துப் போவதும் வேண்டாம்.

பின்னால் ஆள் உட்கார்ந்தால் கிளட்ச் விடும் அளவு மாறும், நிற்கும் தூரம் கூடும், மெதுவாகத் திரும்பும்போது வண்டி சாயத் துடிக்கும். ஒருபக்கமாக உட்காருபவரின் எடை இடப்பக்கம் இழுக்கும். கிளம்பும்போதும் நிற்கும்போதும் அதை உணர்வீர்கள். ஏறும் முன் "சொன்ன பிறகு ஏறுங்கள், சொன்ன பிறகு இறங்குங்கள்" என்று கூறிவிடுங்கள். நீங்கள் இரண்டு காலும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்த பிறகு அவர் ஏற வேண்டும். அவருக்கும் ஹெல்மெட் வேண்டும். பின் டயரின் காற்றை இரண்டு பேருக்கான அளவுக்கு ஏற்றுங்கள். அந்த அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலும் கையேட்டிலும் இருக்கும்.

உரிமம் உள்ள, அமைதியான ஒருவரைப் பின்னால் உட்காரவைத்து, சாக்பீஸ் கோட்டில் நிறுத்தும் பயிற்சியையும் எட்டையும் முதலில் செய்துவிட்டுப் பிறகு சாலைக்குப் போங்கள்.

11. உரிமம் வந்த பிறகு

மூன்று நான்கு மாதத்தில் ஓட்டம் இயல்பாகிவிடும். அப்போதுதான் கவனம் தளரும். கண்ணாடி பார்ப்பது குறையும், விரல் பிரேக்கைவிட்டுப் போகும். மாதம் ஒருமுறை காலியான இடத்தில் அரைமணி நேரம் திடீர் நிறுத்தமும், மெதுவான வட்டமும், ஹேண்டிலைத் தள்ளி விலகுவதும் பழகுங்கள். பல ஆண்டு ஓட்டியவர்களுக்கும் இதைச் சொல்வேன். தினமும் ஓட்டுவதால் திடீர் நிறுத்தம் தானாகப் பழகாது. நல்ல ஓட்டத்தில் அதற்கு வாய்ப்பே வருவதில்லை.

வழக்கமாகப் போகும் பாதையில், எந்த இடங்களில் நீங்கள் அவசரமாகப் பிரேக் பிடித்தீர்கள் என்று வீட்டுக்கு வந்ததும் யோசித்துப் பாருங்கள். ஒரே சந்திப்பில் திரும்பத் திரும்ப நடந்தால், அங்கே நீங்கள் வரும் வேகமோ நிற்கும் இடமோ தவறு. அடுத்த நாள் அதை மட்டும் மாற்றுங்கள்.

கடலுக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் வண்டி சீக்கிரம் துருப்பிடிக்கும். உப்புக் காற்றில் செயின் காய்ந்து இறுகும், கிளட்ச் கேபிளின் இழைகள் லீவரின் முனையில் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டே வரும், டிரம் பிரேக்கின் கேபிளும் கம்பியும் கனமாகும். கிளட்ச் அழுத்தக் கடினமாக இருந்தால் கையின் பலவீனம் என்று புதியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் கேபிள்தான் காரணம். வாரம் ஒருமுறை லீவர் முனையில் கேபிளைப் பாருங்கள், டயரின் காற்றைப் பாருங்கள், செயினை விரலால் மேலும் கீழும் ஆட்டித் தளர்வைப் பாருங்கள். ஓர் இழை அறுந்திருந்தாலும் அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள்.